செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. மழையால் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டில் உறுப்பினர்கள் அதிகம் பேசியது எழும்பூர் புனித அந்திரேயா ஆலயம், அதாவது கிர்க் (ஸ்காட்லாந்து வழக்கில் தேவாலயம்), பார்க்கப் போனதைப் பற்றித்தான். ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகக் கட்டப்பட்ட இந்த ஆலயத்துக்கு 1818 ஏப்ரலில் அடிக்கல் நாட்டினார்கள். 1821 பிப்ரவரியில் வழிபாடு தொடங்கியது. கட்டியவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளர் மேஜர் டி ஹாவிலண்ட். லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தின் செயின்ட் மார்ட்டின் ஆலயமே இதற்கு முன்மாதிரி என்பார்கள். முகப்புத் தூண்களையும் 166 அடிக் கோபுரத்தையும் பார்த்தால் அது சரிதான்.

ஆனால் தரைக்குக் கீழே இருப்பது நம்மூர் வேலை. அந்த இடம் ஈரக் களிமண்ணும் மணலும் கலந்த பூமி. சாதாரண அஸ்திவாரம் நிற்காது. அதனால் கிணறு தோண்டி உறை இறக்கும் நம் ஆட்களின் முறையிலேயே சுமார் 150 கிணறுகளை 14 அடி முதல் 50 அடி ஆழம் வரை இறக்கி, அவற்றின் மேல் கட்டடத்தை எழுப்பினார்கள். இவ்வளவு பாரம் இருநூறு ஆண்டுகளாக அதன்மேல்தான் நிற்கிறது.

உள்ளே வட்டமான கூடம். பதினாறு தூண்கள் 51 அடிக்கு மேல் அகலமுள்ள செங்கல் குவிமாடத்தைத் தாங்குகின்றன. உட்புறம் நீல வானம், அதில் நட்சத்திரங்கள். தூணைத் தொட்டுப் பார்த்த உறுப்பினர் ஒருவர் பளிங்கு என்றே நினைத்துவிட்டார். எல்லாம் தேய்த்து மெருகேற்றிய சுண்ணாம்பு. கோபுரத்தைச் சாலையிலிருந்து படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

டி ஹாவிலண்டுக்குச் செங்கல் வேலையில் அபார நம்பிக்கை. கிர்க்குக்குப் பத்தாண்டு முன்பே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 100 அடிக்கு மேல் அகலமான செங்கல் வளைவு ஒன்றைக் கட்டிக் காட்டியிருக்கிறார். அது 1937இல்தான் விழுந்தது.

அப்புறம், சுற்றிக் காட்டிய ஆலயப் பணியாளர்களுக்கு நம் நன்றி.

வரும் ஆண்டில் புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள 1680ஆம் ஆண்டின் புனித மரியாள் ஆலயத்துக்குப் போகச் செயற்குழு பரிந்துரைக்கிறது. கோட்டைக்குள் செல்ல அடையாள அட்டை கட்டாயம். சந்தா பாக்கி உள்ளவர்கள் அதற்குள் செலுத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்