கதவுக்கும் ஒரு தகுதிச் சான்று

பாலக்காட்டு எல்லையோரப் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும், பள்ளிக் கட்டடங்களுக்குத் தகுதிச் சான்று தரும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். சென்ற வாரம் எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் விரல் கதவிடுக்கில் நசுங்கிய விவரம் தங்களுக்கு வந்திருக்கும். "மாணவர்கள் கதவருகே விளையாடக் கூடாது" என்ற சுற்றறிக்கையும் எங்களுக்கு வந்து சேர்ந்தது. நன்றி. காற்றுக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கலாம்.

மலைகளுக்கு நடுவே பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று தாங்கள் அறியாததல்ல. ஆனி ஆடியில் மேல்காற்று, மார்கழி தையில் கீழ்காற்று. அம்மியே பறக்கும் என்கிற காற்றில் கொக்கியில்லாத கதவு சும்மா நிற்குமா? சன்னலைத் திறந்தால் கதவு அறைகிறது. மூடினால் பிள்ளைகள் புழுங்குகிறார்கள்.

விரல் மோசமாக நசுங்குவது கீல் பக்கத்தில். கதவு திறந்திருக்கையில் அங்கே விரல் நுழைகிற அளவு இடுக்கு விழும். சின்னப் பிள்ளைகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் அங்கேதான். இரண்டடிக் கதவின் ஓரத்தில் ஒரு கிலோ அளவுக்குத் தள்ளினால் போதும், கீலிலிருந்து அரை அங்குலத்தில் இருக்கும் விரலில் ஏறுவது நாற்பது கிலோவுக்கு மேல். பிஞ்சு எலும்பு என்ன செய்யும்?

ஆகவே கேட்கிறோம்: கதவுகளைத் திறந்து மூடிப் பார்க்காமல் சான்றில் கையெழுத்துப் போடாதீர்கள்.

திறந்த கதவைச் சுவரோடு பிடித்து நிறுத்த ஒவ்வொரு கதவுக்கும் ஆறங்குல இரும்புக் கொக்கி வேண்டும். காந்தப் பிடிப்பான் இந்தக் காற்றுக்குத் தாங்காது. கொக்கி மாட்டும் வளையத்தைச் சுவரில் ஆணியாக அடித்தால் பூச்சு பெயர்ந்து ஒரு மாதத்தில் கையோடு வரும். துளை போட்டு, பிளக் வைத்து, இரண்டங்குல ஸ்க்ரூவில் முடுக்க வேண்டும். ஒன்று முதல் நான்கு வரையுள்ள வகுப்புகளில் கீல் இடுக்கையும் மூட வேண்டும். பழைய லாரி டியூபை ஆறங்குல அகலத்தில் நறுக்கி, தரையிலிருந்து நாலடி உயரத்துக்கு, ஓர் ஓரத்தை நிலையிலும் மற்றதைக் கதவிலும் பட்டை வைத்து இறுக்கலாம். கதவை முழுக்கத் திறந்து வைத்துத்தான் இதைப் பொருத்த வேண்டும். மூடி வைத்துப் பொருத்தினால் முதல் தடவை திறக்கும்போதே கிழியும்.

சுற்றறிக்கையில் எழுத வேண்டியது வேறு. விரல் நுனி துண்டானால் அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டி, உறையை ஐஸ் மேல் வைத்துப் பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஐஸ் நேராகப் படக் கூடாது. காயத்தில் காப்பிப்பொடி அப்பக் கூடாது. தமிழ்வழிப் பள்ளிக்கு வந்த அறிக்கை மலையாளத்தில் மட்டும் இருந்ததைப் பற்றித் தனியாக எழுதுகிறோம்.

புரொஜெக்டருக்கு இரும்புக் கூண்டு செய்து பூட்டுப் போடத் தெரிகிறது. பெஞ்சில் துருத்திய ஆணியை அடித்து இறக்க ஆள் இல்லை. விரலுக்கு ஒரு கொக்கி இல்லை.

கோபத்தில் எழுதிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த சான்றுக்கு முன் கதவுகளைப் பாருங்கள் என்பதுதான் கோரிக்கை. டிரில்லும் ஆட்களும் எங்களிடம் உண்டு, கூலி வேண்டாம். கொக்கிக்கும் ஸ்க்ரூவுக்கும் பராமரிப்பு நிதியில் அனுமதி தாருங்கள், ஒரு சனிக்கிழமையில் முடித்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
பெற்றோர்-ஆசிரியர் கழகத்தில் (பி.டி.ஏ.) உள்ள தச்சர்களும் பெற்றோரும்