வித்யாவுக்கு: ஏஎஃப்இ தேர்வுக்கு உட்காரும் முன்

அன்புள்ள வித்யா,

அமெரிக்க மாநில இன்சூரன்ஸ் துறையில், கம்பெனிகளின் கணக்கைச் சோதிக்கும் எக்ஸாமினராகச் சேர்ந்தாயிற்று. அடுத்து சொசைட்டி ஆஃப் ஃபைனான்ஷியல் எக்ஸாமினர்ஸ் தரும் ஏஎஃப்இ (அக்ரெடிட்டட் ஃபைனான்ஷியல் எக்ஸாமினர்) பட்டம், பிறகு சிஎஃப்இ (சர்ட்டிஃபைட் ஃபைனான்ஷியல் எக்ஸாமினர்). (மோசடி விசாரணைக்காரர்களுக்கும் சிஎஃப்இ என்றே ஒரு பட்டம் உண்டு. புத்தகம் வாங்கும்போது பார்த்து வாங்கு.)

கணக்கு நன்றாகத் தெரிந்தவர்கள்தான் இதில் தடுக்கி விழுகிறார்கள். சிபிஏ ஆடிட்டர் பட்டத்துக்குப் படித்த கேப் (பொதுவான கம்பெனிக் கணக்கு விதிகள்) கணக்குமுறை, கம்பெனி தொடர்ந்து நடக்கும் என்று வைத்துக்கொண்டு லாபத்தை அளக்கிறது. இன்சூரன்ஸ் துறைக்குக் காட்டும் ஸ்டாட்யூட்டரி கணக்குக்கோ கவலை ஒன்றுதான்: இன்றைக்கே கதவைச் சாத்தினால் பாலிசிதாரருக்குக் கொடுக்கப் பணம் இருக்கிறதா?

நவம்பர் 1 அன்று 1,200 டாலருக்கு ஓராண்டு பாலிசி, கமிஷன் 180 டாலர் என்று வை. டிசம்பர் 31 அன்று வருமானம் 200 டாலர்தான். மீதி 1,000 அன்எர்ன்ட் பிரீமியம், அதாவது இன்னும் சம்பாதிக்காதது. ஆனால் கமிஷன் 180-ம் அப்போதே செலவு. கேப்பில் அதில் மீதிப் பத்து மாதத்துக்கான 150-ஐ அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைத்திருப்பாய். வேகமாக வளரும் கம்பெனியின் சர்ப்ளஸ் (சொத்தில் கடன் போக மிச்சம்) கரைவது இதனால்தான்.

நாற்காலி, மேஜை, முன்கூட்டிக் கட்டிய செலவுகள் எல்லாம் நான்-அட்மிட்டட், அதாவது சொத்தாக எண்ணப்படாதவை. சர்ப்ளஸிலிருந்து நேராகக் கழியும், லாபநஷ்டக் கணக்குக்குப் போகாது. கம்ப்யூட்டர் சாதனத்துக்கு மட்டும் சர்ப்ளஸில் 3 சதவீதம் வரை சலுகை.

ஏஜென்டிடம் நிற்கும் பிரீமியத்துக்கு ஸ்டாட்யூட்டரி கணக்கு விதிகளில் எஸ்எஸ்ஏபி 6 பார். 90 நாளைத் தாண்டியது வெளியே. எண்ண வேண்டியது கெடு தேதியிலிருந்து, புத்தகத்தில் ஏற்றிய தேதியிலிருந்து அல்ல. ஆண்டுமுடிவில் அக்டோபர் 2 கெடு சரியாக 90 நாள், உள்ளே நிற்கும். அக்டோபர் 1 கெடு 91, போய்விடும். தவணை பாலிசியில் ஒரு தவணை 90-ஐத் தாண்டினால், அதே பாலிசியில் பதிவான இன்னும் கெடு வராத தவணைகளும் சேர்ந்து போகும். கம்பெனி தரும் ஏஜிங் ரிப்போர்ட்டில் பெரும்பாலும் விடுபடுவது இந்தப் பின்பாதிதான்.

அடுத்தது மாநில இன்சூரன்ஸ் கட்டுப்பாட்டாளர்களின் சங்கமான என்ஏஐசி தரும் கையேட்டின் ரிஸ்க்-ஃபோகஸ்ட் (ஆபத்து உள்ள இடத்தில் கவனம் வைக்கும்) முறை, ஏழு கட்டம். ரிஸ்க்கைக் கண்டுபிடித்து மதிப்பிடும் இரண்டாம் கட்டத்தில்தான் குழப்பம். 'ரீகன்சிலியேஷன் செய்யவில்லை' என்று ரிஸ்க் எழுதுவார்கள். அது கன்ட்ரோல் (கம்பெனியின் உள் கட்டுப்பாடு) இல்லாத குறை. கன்ட்ரோலைப் பார்க்கும் மூன்றாம் கட்டத்துச் சரக்கு. 'க்ளெய்ம் டேட்டா முழுமையாக இல்லாததால் ரிசர்வ் (க்ளெய்ம் கொடுக்க ஒதுக்கும் தொகை) குறைவாகக் காட்டப்படலாம்' என்பதே ரிஸ்க். இன்ஹெரன்ட் ரிஸ்க்குக்கு மதிப்பெண் போடும்போது கன்ட்ரோலே இல்லை என்று நினைத்துப் போடு. நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு அடி, இரண்டை மட்டும் பார். கன்ட்ரோல் நம்பும்படி இருந்தால் ஐந்தாம் கட்டச் சோதனையைக் குறைக்கலாம். இதை மாற்றிச் செய்தால் எல்லாவற்றையும் சோதித்துக்கொண்டே மாதங்கள் ஓடிவிடும்.

லைஃப், பிராப்பர்ட்டி-கேஷுவால்டி (சொத்து, பொறுப்பு இன்சூரன்ஸ்) இரண்டையும் ஒரே வாரத்தில் கலந்து படிக்காதே. கம்பெனி வாங்கி வைத்த பாண்டின் மதிப்பையே எடு: பிராப்பர்ட்டி கம்பெனிக்கு என்ஏஐசி தரம் (1 சிறந்தது, 6 மோசம்) 1, 2 மட்டும் அமார்டைஸ்ட் காஸ்டில் (வாங்கிய விலையை முதிர்வு வரை படிப்படியாகச் சரிசெய்த மதிப்பு), 3 முதல் 6 வரை அதுவா சந்தை மதிப்பா, எது குறைவோ அது. ஏவிஆர் (சொத்து மதிப்பு வீழ்ச்சிக்கான ஒதுக்கீடு) வைக்கும் லைஃப் கம்பெனிக்கு 1 முதல் 5 வரை அமார்டைஸ்ட் காஸ்ட், 6-க்கு மட்டும் குறைந்தது. உன் துறை இந்த ஆண்டு எந்த வகைக் கம்பெனிக்கு எக்ஸாம் போகிறதோ, அந்தத் தாளை முதலில் எழுது. பகலில் அதே ஒர்க்பேப்பர் கையில் இருக்கும்.

அன்புடன்,
அக்கா