திருநகர் வீட்டு வெந்நீருக்கு

அன்பு மகள் கயல்விழிக்கு,

அம்மா எழுதுகிறேன். மூன்று குளியலறையிலும் இருக்கிற 25 லிட்டர் கீசர்களைக் கழற்றிவிட்டு 300 லிட்டர் சோலார் ஹீட்டர் போடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். சோலார் நல்ல யோசனைதான். ஆனால் 300 லிட்டர் வேண்டாம். அதற்குள் முன்பணமும் கொடுத்துவிடாதே. முதலில் உங்களுக்கு எவ்வளவு வெந்நீர் வேண்டும் என்று பார்ப்போம்.

வீட்டில் ஆறு பேர். வாளியில் மொண்டு குளிக்கிறவர்கள் ஆளுக்கு 25 லிட்டர் என்று தாராளமாகவே வை, 150 லிட்டர். உடம்புக்கு இதமான சூடு 40 டிகிரி. மார்கழி விடியலில்கூட நம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 25 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதாவது 15 டிகிரி ஏற்றினால் போதும். சோலாரிலிருந்து 60 டிகிரியில் வெந்நீர் வந்தால், அதில் 64 லிட்டரும் பச்சைத் தண்ணீர் 86 லிட்டரும் கலந்தால் 150 லிட்டர் ஆகிவிடும். ஆறு பேருக்கும் சேர்த்து வெந்நீர் 64 லிட்டர்தான்! எல்லோரும் ஷவரில் ஆளுக்கு 50 லிட்டர் குளித்தாலும் 130 லிட்டரைத் தாண்டாது. 150 லிட்டர் சோலார் உங்களுக்குத் தாராளம். பெரிதாகப் போட்டால் செலவு மட்டுமல்ல, செலவழியாத வெந்நீர் கோடையில் கொதித்துக் கொதித்து டியூபில் உப்புப் படியும்.

மின்சாரக் கணக்கும் சொல்கிறேன். ஒரு யூனிட் மின்சாரம் 860 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி சூடாக்கும். 150 லிட்டரை 15 டிகிரி ஏற்ற 2.6 யூனிட். இரண்டு மாதத்துக்கு 157. கீசரை நாள் முழுக்க ஸ்விட்ச் போட்டபடி விட்டால் சூடு ஆற ஆற அது மறுபடி எரியும். அதில் ஒவ்வொரு கீசருக்கும் நாளுக்கு அரை யூனிட் அளவுக்கு வீணாகும். மூன்றுக்கும் சேர்த்து இரண்டு மாதத்தில் 90 யூனிட். மாப்பிள்ளையிடம் சொல்லி இந்த 90ஐ இன்றைக்கே நிறுத்தச் சொல். குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் போட்டு, குளிக்கப் போகும்போது அணைத்தால் போதும். நம் கரண்ட் பில்லில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறி, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடும். ஏசி ஓடுகிற வீட்டில் அந்த 500ஐத் தாண்ட வைப்பது பல நேரம் கீசர்தான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், தண்ணீர். மதுரைப் பக்கம் வெந்நீர்ச் சாமான் சீக்கிரம் கெட்டுப்போகிறதென்றால் பெரும்பாலும் போர்த் தண்ணியின் உப்புதான் காரணம். அதனால் எது வாங்குவதென்று முடிவு செய்யும் முன்னால், ஒரு லிட்டர் பாட்டிலை அதே தண்ணியால் மூன்று முறை அலசி நிரப்பிக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடு. போருக்கு ஒரு பாட்டில், மாநகராட்சிக் குழாய்த் தண்ணிக்கு ஒரு பாட்டில். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை. குளோரைடுக்கு 250, அதிகபட்சம் 1000. குடிப்பதற்கான அளவென்றாலும் நமக்கும் இதுவே நல்ல அளவுகோல்.

கடினத்தன்மையும் குளோரைடும் செய்கிற கெடுதல் வேறு வேறு. கடினத்தன்மை கூடினால் சுண்ணாம்பு படியும்; 60 டிகிரியைத் தாண்டும்போது இன்னும் வேகமாகப் படியும். குளோரைடு கூடினால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்கின் வெல்டிங் ஓரத்தில் ஊசிமுனை போல ஓட்டை விழும். 304 ரகத் தகடு குளோரைடுக்குத் தாங்காது. குளோரைடு அதிகமாக இருந்தால் உள்ளே கண்ணாடிப் பூச்சும், டேங்குக்குப் பதிலாகத் தான் அரிபட்டுப் போகும் மெக்னீசியம் ஆனோடு ராடும் உள்ள இரும்பு டேங்க்தான் கேட்க வேண்டும். கடினத்தன்மையைக் குறைக்கிற சாஃப்ட்னர் கருவி மாட்டினால் எல்லாம் சரியாகும் என்பார்கள். சாஃப்ட்னர் சுண்ணாம்பை மட்டும்தான் பிடிக்கும். குளோரைடை ஒன்றும் செய்யாது.

உங்கள் போர்த் தண்ணி மோசமாக இருந்தாலும் மனம் தளராதே. சோலாருக்குள் போவது நாளைக்கு 64 லிட்டர்தானே? குழாய்த் தண்ணியை ஒரு தனி 500 லிட்டர் தொட்டியில் ஏற்றி சோலாருக்கு மட்டும் விட்டால் ஒரு வாரம் வரும். கலக்கிற பச்சைத் தண்ணீர் போரிலிருந்தே வரட்டும். இரண்டு தொட்டிகளும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று உயர்ந்து ஒன்று தாழ்ந்தால் மிக்சர் குழாய் வழியாக ஒரு தண்ணி மற்றதற்குள் ஏறிவிடும், சோலாருக்குள் போர்த் தண்ணி போய்ச் சேரும். என்னைக் கேட்டால், மொத்த வேலையிலும் பணத்துக்கு அதிகப் பலன் தருவது இந்தத் தனித் தொட்டிதான். எந்தக் கடைக்காரரும் தானாக இதைச் சொல்ல மாட்டார்.

சோலாரில் தாமிரக் குழாய் ஓடும் தட்டை ரகம் ஒன்று, கண்ணாடி டியூப் ரகம் ஒன்று. தட்டை ரகம் உறுதியானது, குரங்கு நடமாட்டம் உள்ள இடத்துக்கு நல்லது. ஆனால் அதில் தண்ணி ஓடும் குழாய் அரை அங்குலம்தான், உப்புத் தண்ணியில் அடைத்துக்கொள்ளும். டியூப் ரகம் ஃபிளாஸ்க் போல இரட்டைக் கண்ணாடி. உள் கண்ணாடியின் விட்டம் 47 மில்லிமீட்டர், லேசில் அடைக்காது, கழற்றிக் கழுவலாம். உங்களுக்கு டியூப் ரகமே போதும். வருஷத்துக்கு ஒரு முறை டியூபைக் கழற்றினால் அடியில் வெள்ளைக் குருணை சேர்ந்திருக்கும். கொட்டிக் கழுவி, ரப்பர் வளையத்தில் சோப்புத் தண்ணி தடவித் திருகி ஏற்ற வேண்டும். இதை விடியலில்தான் செய்ய வேண்டும். வெயிலில் காய்ந்த காலி டியூபுக்குள் பச்சைத் தண்ணீர் பட்டால் அந்த நொடியே படாரென்று வெடிக்கும். தொட்டி காலியாகி, சோலாரும் வற்றிய பிறகு மத்தியானம் மோட்டார் போட்டால்கூட இதே கதி ஆகலாம். அப்படி ஆனால் சோலாருக்குப் போகும் வால்வை மூடிவிட்டு, இருட்டிய பிறகு திற.

வைக்கிற இடம். டியூப்கள் தெற்கு பார்த்து, 20 முதல் 25 டிகிரி சாய்வில். சித்திரையிலிருந்து ஆவணி வரை நம் ஊரில் உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடும். ஆனால் அப்போது யாருக்கு வெந்நீர் வேண்டும்? கார்த்திகை, மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், அந்தக் கணக்குக்குத்தான் வைக்க வேண்டும். காலை 9 முதல் 3 மணி வரை தெற்குப் பக்கத்து வீட்டு நிழலோ தென்னை நிழலோ விழக் கூடாது. குளியலறைகளுக்கு நேர் மேலே வந்தால் உத்தமம். முக்கால் அங்குலக் குழாய் 12 மீட்டர் ஓடினால் அதற்குள் 3 லிட்டர் தண்ணி ஆறிக் கிடக்கும். வாளியில் பிடிக்கிறவர்களுக்கு அது வீணில்லை, கலக்குகிற தண்ணியாகப் போய்விடும், ஷவர்க்காரர்களுக்குத்தான் வீண்.

பச்சைத் தண்ணித் தொட்டியின் அடி, சோலார் டேங்கின் தலைக்கு மேலே இருந்தாக வேண்டும். உங்கள் தொட்டி தளத்தில் இரண்டடி மேடையில் நிற்கிறது, அது பற்றாது. தனித் தொட்டி வைக்கும்போதே இரண்டையும் ஏழடி ஸ்டாண்டில் ஏற்றச் சொல். சோலார் டேங்கின் ஏர் வென்ட் குழாய், தொட்டியின் தண்ணி மட்டத்துக்கு மேல் இன்னும் ஓரடி நிமிர்ந்து, வாய் திறந்து நிற்க வேண்டும். தண்ணி சொட்டுகிறதென்று அதன் வாயை அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. அடைத்தால் டேங்க் உப்பும், அல்லது தண்ணி இறங்கும்போது உள்வாங்கி நசுங்கும். வென்ட்டை அடைக்கக் கூடாது என்று மாமாவிடமும் சொல்லிவை, மாடியில் செடிக்குத் தண்ணி ஊற்றுவது அவர்தானே.

தண்ணியோடு சேர்ந்து மொத்த எடை கால் டன் வரும். கால்களுக்குத் தட்டோட்டைத் துளைத்து போல்ட் போட விடாதே, அடுத்த மழைக்கே கூரை ஒழுகும். கான்கிரீட் கட்டைகளில் போல்ட்டைப் பதித்து, கட்டைகளைத் தளத்தின் மேல் நிறுத்தி, உத்தரம் அல்லது சுவர் ஓடும் இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். டேங்கைக் காலி செய்து வைத்திருக்கும்போது ஆடிக் காற்று புரட்டிவிடும். கம்பி இழுத்துக் கட்டாமல் விடக் கூடாது.

வெந்நீர்க் குழாய் சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான சிபிவிசியாகவே இருக்கட்டும். சாதா பிவிசி சூட்டில் தொங்கும், இணைப்பில் கழன்றுகொள்ளும். மேலே கறுப்பு நுரை உறை போட்டு, அதற்கு மேல் அலுமினிய டேப் சுற்ற வேண்டும். டேப் இல்லாத நுரை நம் வெயிலில் பொடிப் பொடியாக உதிர்ந்துவிடும்.

மேகம் மூடும் ஐப்பசி, கார்த்திகைக்கு ஒரு ஏற்பாடு வேண்டும். சோலார் டேங்குக்குள்ளேயே 2 கிலோவாட் காயில் போட்டுத் தருவார்கள், வாங்காதே. ஒரு வாளி வெந்நீருக்காக 150 லிட்டரையும் அது சூடாக்கும், அணைக்க மறந்தால் ராத்திரி முழுக்க எரியும். இருக்கிற மூன்று கீசரில் நல்ல நிலையில் உள்ள ஒன்றை மாமா, அத்தை குளியலறையில் வைத்துக்கொண்டு, சோலார் வெந்நீரை அதன் வழியாகவும், வேண்டாதபோது அதைத் தவிர்த்து நேராகவும் வருகிற மாதிரி வால்வு வைக்கச் சொல். வெந்நீர் உள்ளே விடலாமா என்று அந்தக் கீசரின் கையேட்டில் ஒரு பார்வை பார்த்துக்கொள். தெர்மோஸ்டாட்டை 50க்குக் குறைத்து வை. வயதானவர்கள் தோல் வெந்துபோகக் கூடாது.

அந்தக் கீசரை மாட்டும் முன் திறந்து பார்க்கச் சொல். மின்பலகையில் கீசருக்கான எம்சிபி ஸ்விட்சை அணைத்து, தண்ணி வால்வை மூடி, வடித்துவிட்டு, அடித்தட்டு நட்டுகளைக் கழற்றினால் காயிலும் ஆனோடு ராடும் ஒன்றாக வெளியே வரும். விரல் பருமன் இருந்த ராடு தேய்ந்து உள்கம்பி தெரிந்தால் புதிது போடு. அது தேயத்தான் டேங்க் தேயாமல் இருக்கிறது. காயிலில் அப்பிய சுண்ணாம்பைச் சுரண்டாமல், 2 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து ஊறவைத்தால் நுரைத்துக் கழன்றுவிடும். கேஸ்கெட் புதிதாக மாற்று. மூடியபின் வெந்நீர்க் குழாயில் தண்ணி சீராக வந்த பிறகுதான் ஸ்விட்ச் போட வேண்டும். காலி டேங்கில் எரிந்தால் காயில் போய்விடும். 16 ஆம்பியர் பிளக், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், மின்கசிவு வந்தால் தானாக அணைக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி மூன்றும் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேள். எர்த் குழி கோடையில் காய்ந்து போகும், அதையும் சோதிக்கச் சொல். இதில் சிக்கனம் பார்க்காதே.

ஹீட் பம்ப் பற்றியும் கேட்டிருந்தாய். காற்றில் உள்ள சூட்டை உறிஞ்சித் தண்ணிக்கு மாற்றுகிற கருவி. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் சூடு தரும். நம் ஊர்க் காற்றுக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் உங்களுக்கு அது மிச்சம் பிடித்துத் தருவது நாளைக்கு இரண்டு யூனிட்டுக்குள்தான், அதற்கு அந்த விலை அதிகம். நிழல் விழுகிற மாடி உள்ளவர்களுக்கும் மாடி உரிமை இல்லாதவர்களுக்கும் அதுதான் சரி.

கேஸ் கீசர் விலை குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. மூடிய குளியலறைக்குள் அது எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனையும் இருக்காது, ஆளை மயக்கிச் சாய்த்துவிடும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

சோலார் மாட்டிய மறுநாள், நல்ல வெயில் அடித்திருந்தால், சாயங்காலம் மாடிக்குப் போய் டேங்குக்குள் போகும் பச்சைத் தண்ணிக் குழாயைத் தொட்டுப் பார். அந்தக் குழாயில் உள்ள ஒருவழி வால்வுக்குத் தொட்டிப் பக்கமும் சுட்டால் வால்வு சரியாகப் பிடிக்கவில்லை. வெந்நீர் தொட்டிக்கே திரும்பிப் போகிறது என்று அர்த்தம். அதைச் சரி செய்த பிறகு மீதிப் பணத்தைக் கொடு.

தண்ணி அறிக்கை வந்ததும் கடினத்தன்மை, குளோரைடு இரண்டையும், இரண்டு பாட்டிலுக்கும் தனித்தனியாக எழுதி அனுப்பு. எந்த டேங்க் வாங்குவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா