ஆவடிக்கு ஒரு வரி போதாது: வரலாற்றுப் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பாடநூல் ஆசிரியர்களுக்கும், போட்டித் தேர்வுகளுக்கு வினாத்தாள் தயாரிக்கும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

சோசலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம் எந்தக் காங்கிரஸ் மாநாட்டில் நிறைவேறியது என்று கேட்டால், குரூப் தேர்வுக்குப் படிக்கும் எந்தப் பிள்ளையும் "ஆவடி, 1955" என்று சொல்லிவிடும். சரி, அந்தச் சோசலிசம் எது, நேரு எப்போதிலிருந்து அதைப் பேசினார், அரசியலமைப்பின் முகவுரையில் அந்தச் சொல்லை வைத்தது அவரா என்று அடுத்துக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. கடைசிக் கேள்விக்கு "ஆமாம், நேருதான்" என்று சொல்பவர்களும் உண்டு. குறை பிள்ளைகளிடம் இல்லை. நாம் அவர்கள் கையில் கொடுத்தது அந்த ஒரு வரிதான்.

இதில் எனக்கு வருத்தம் அதிகம். ஏனென்றால், நேருவின் கொள்கையைத் தெரிந்துகொள்ள யாருடைய அபிப்பிராயமும் தேவையில்லை. மாநாட்டுத் தலைமை உரைகள், அரசியல் நிர்ணய சபை விவாதங்கள், நாடாளுமன்றப் பேச்சுகள் எல்லாம் தேதியோடு அச்சில் இருக்கின்றன. அவற்றை வரிசையாக வைத்துப் படித்தால் போதும்.

1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் தலைமை உரையில், தான் ஒரு சோசலிஸ்ட், குடியரசுவாதி என்றும், அரசர்களிலோ தொழில் சாம்ராஜ்யங்களின் இன்றைய அரசர்களை உருவாக்கும் அமைப்பிலோ தனக்கு நம்பிக்கை இல்லை என்றும் வெளிப்படையாகவே சொன்னார். 1931 கராச்சித் தீர்மானம், முக்கியத் தொழில்களும் கனிமங்களும் ரயில்வேயும் அரசின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும் என்றது. ஆவடிக்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே இது காங்கிரஸின் ஏட்டில் ஏறிவிட்டது.

1936 லக்னோ காங்கிரஸ் தலைமை உரை இன்னும் முக்கியமானது. உலகத்தின் சிக்கலுக்கும் இந்தியாவின் சிக்கலுக்கும் ஒரே திறவுகோல் சோசலிசம் என்றார். பொதுவான மனிதாபிமானத்தைச் சொல்லவில்லை, அறிவியல், பொருளாதாரப் பொருளிலேயே சொல்கிறேன் என்றும் தெளிவாக்கினார். ஆனால் அதே உரையில், இதைக் காங்கிரஸ் மீது திணித்து விடுதலைப் போராட்டத்துக்கு இடைஞ்சல் செய்ய எனக்கு விருப்பமில்லை என்றும் சொன்னார். அப்படியிருந்தும் அந்த ஜூன் மாதம் படேல், ராஜேந்திர பிரசாத், ராஜாஜி உள்ளிட்ட ஏழு பேர் காரியக் கமிட்டியிலிருந்து விலகுவதாகக் கடிதம் கொடுத்தார்கள். பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

பத்தாண்டு கழித்து அதே தயக்கம் மறுபடி வருகிறது. 1946 டிசம்பர் 13 அன்று அரசியல் நிர்ணய சபையில், வரப்போகும் அரசியலமைப்பின் இலக்குகளைச் சொன்ன குறிக்கோள் தீர்மானத்தை முன்வைத்துப் பேசும்போது, நான் சோசலிசத்தின் பக்கம் நிற்கிறேன், இந்தியாவும் அந்தப் பக்கம் போகும் என்று நம்புகிறேன் என்கிறார். பின்பு ஏன் தீர்மானத்தில் அந்தச் சொல் இல்லை? தன் விருப்பப்படி அதைச் சேர்த்திருந்தால் சிலருக்குப் பிடித்திருக்கும், சிலருக்குப் பிடித்திருக்காது, இந்தத் தீர்மானம் சர்ச்சைக்குள்ளாகக் கூடாது என்று அவரே விளக்கம் கொடுக்கிறார். என்னைக் கேட்டால், நேருவின் ஜனநாயக சோசலிசம் என்ன என்பதற்கு அவர் எழுதிய எந்தப் புத்தகத்தையும்விட இந்தப் பத்தி நல்ல சான்று. தனக்கு உறுதியான நம்பிக்கை இருந்தும், அவையின் இசைவுக்காக அதை எழுத்தில் வைக்காமல் விட்டார்.

1948 நவம்பரில் சபை உறுப்பினர் கே. டி. ஷா அந்தச் சொல்லை அரசியலமைப்பில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தபோது அம்பேத்கர் மறுத்தார். சமுதாயம் எந்தப் பொருளாதார அமைப்பில் இயங்க வேண்டும் என்பதைக் காலத்துக்கு ஏற்ப மக்களே முடிவு செய்யட்டும் என்பது அவர் வாதம். முகவுரையில் 'சோசலிச' என்ற சொல் வந்தது 1976-ல், நெருக்கடி நிலையின்போது, 42-வது திருத்தத்தால். நேரு இறந்து 12 ஆண்டுகள் ஆகிவிட்டன.

இனி ஆவணத்தின் சங்கடமான பக்கத்துக்கு வருகிறேன். அதையும் பிள்ளைகளுக்குக் காட்டித்தான் ஆக வேண்டும். 1951-ல் வந்த அரசியலமைப்பின் முதல் திருத்தம் பற்றி நம் மாநிலத்தில் எல்லோருக்கும் ஒரு பகுதி தெரியும்: செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று தீர்ப்பு வந்ததும், இடஒதுக்கீட்டைக் காக்க 15(4) என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதே திருத்தம்தான் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டங்களை அடிப்படை உரிமை வழக்குகளிலிருந்து காக்கும் பட்டியலாக ஒன்பதாவது அட்டவணையைக் கொண்டுவந்தது. அதே திருத்தம்தான் பேச்சுரிமையின் மீது கட்டுப்பாடுகளையும் விரிவாக்கியது. அதற்கான காரணங்களில் ஒன்றும் சென்னையிலிருந்தே போனது. சென்னை மாகாண அரசு 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இதழைத் தடை செய்ய, அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில் 1950-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. சமத்துவத்துக்கான இரண்டு பெரிய அடிகளும், சுதந்திரத்தைச் சுருக்கும் ஓர் அடியும் ஒரே சட்டத்தில், ஒரே மனிதர் முன்மொழிந்து. முதல் பொதுத் தேர்தல்கூட அப்போது நடந்திருக்கவில்லை. ஒரு மாணவி இதைப் படித்துவிட்டு நேருவை மெச்சினாலும் சரி, குறை சொன்னாலும் சரி, காரணத்தோடு சொல்வாள்.

ஆவடித் தீர்மானத்தையும் அதற்குப் பின் வந்ததையும் சேர்த்தே படிக்க வேண்டும். 1956 தொழில் கொள்கைத் தீர்மானம் 17 தொழில்களை அரசின் தனிப்பொறுப்பாக வைத்தது. மற்றவற்றில் தனியாருக்கு இடம் இருந்தது. விவசாய நிலம் தனியாரிடமே இருந்தது. 1959 ஜனவரியில் நாக்பூரில் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் வந்ததும், அதை எதிர்த்து அதே ஆண்டில் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1936-ல் விலகல் கடிதத்தில் கையெழுத்திட்ட அதே ராஜாஜி. நேரு அந்தக் கட்சியைத் தேர்தலில்தான் எதிர்கொண்டார், 1962-ல் அது மக்களவையில் 18 இடங்களைப் பிடித்தது. ஆனால் 1959 ஜூலை 31 அன்று கேரளத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் கம்யூனிஸ்ட் அமைச்சரவையைக் கலைத்ததும் அவருடைய அரசுதான். ஜனநாயக சோசலிசம் பேசியவரை அளக்க அந்த நாள் ஒன்று போதும் என்று வாதாடுபவர்களை நான் தவறு சொல்ல மாட்டேன்.

கல்வியும் அப்படித்தான். 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுக்குள் தர முயல வேண்டும் என்றது அரசியலமைப்பின் 45-வது பிரிவு. 1961 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 28 சதவீதம்தான். எஃகு ஆலைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நாம் இந்த எண்ணையும் அதே பக்கத்தில் போட வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய வேலை இல்லை. அடுத்த திருத்தப் பதிப்பில் ஆவடி பற்றிய பாடத்துக்குப் பின்னால் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். லக்னோ உரையின் அந்தப் பகுதி, 1946 டிசம்பர் 13 பேச்சின் அந்தப் பத்தி, அம்பேத்கரின் 1948 மறுமொழி, முதல் திருத்த விவாதத்தில் நேருவும் அவரை எதிர்த்த சியாமா பிரசாத் முகர்ஜியும் பேசியதிலிருந்து சில வரிகள், ஆவடித் தீர்மானம், இவற்றை நல்ல தமிழில், தேதியோடு, விளக்கவுரை சேர்க்காமல் போடுங்கள். வினாத்தாள் தயாரிப்பவர்கள் இவற்றில் இரண்டைக் கொடுத்து, 1936-க்கும் 1955-க்கும் இடையில் நேருவின் நிலைப்பாட்டில் எது மாறியது, எது மாறவில்லை என்று ஒரு கேள்வி கேளுங்கள். கொள்குறி வினாவில் இது முடியாதுதான். முதன்மைத் தேர்வின் விரிவான விடைத்தாளில் தாராளமாக முடியும்.

இப்படிக்கு,
வரலாறு கற்பிக்கும் ஓர் ஆசிரியர்