குற்ற ஒப்புதலைப் பதிவுசெய்யும் முன்: குற்றவியல் நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்பமை நடுவர் பெருமக்களுக்கு,

வணக்கம். கடையில் பொருளைத் திருடியதாக முதன்முறை குற்றம் சாட்டப்பட்டு உங்கள் முன் நிற்பவர்களுக்காக வாதாடும் வழக்கறிஞர்களில் ஒருவனாக இதை எழுதுகிறேன்.

கூண்டின் விளிம்பைப் பற்றிக்கொண்டு நிற்கும் அவர், குற்றச்சாட்டு வாசிக்கப்படுவதை முழுதாகக் கேட்பதே இல்லை. தெரிந்த முகம் ஏதேனும் இருக்கிறதா என்று பின்வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார். "ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்டதும் தலையை ஆட்டிவிடுகிறார். அபராதத்தைக் கட்டினால் இன்றோடு முடிந்தது என்பதுதான் அவருடைய எண்ணம். அதே எண்ணத்தில்தான், பிடிபட்ட அன்று கடையின் பின்னறையில் கடைக்காரர்கள் சொல்லச் சொல்ல ஒரு மன்னிப்புக் கடிதத்தையும் எழுதிக் கையெழுத்திட்டிருப்பார். அந்தக் கடிதம் பின்னர் அவருக்கு எதிரான சான்றாக வந்து நிற்கும். கடைக்குப் பணம் கட்டிவிட்டால் வழக்கும் போய்விடும் என்று நம்பிக் கட்டியவர்களும் உண்டு. குற்ற வழக்கு அதனால் தானாக முடிவதில்லை.

பொருள் பையில் இருந்தது என்பதாலேயே அது திருட்டாகிவிடாது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்தார் என்பதை அரசுத் தரப்பே மெய்ப்பிக்க வேண்டும். ஆனால் கூண்டில் நிற்பவருக்கு இது தெரியாது. என்னிடம் வந்த ஒரு பெண்மணி, வாங்கிய மற்ற எல்லாவற்றுக்கும் ரசீது வைத்திருந்தார். தள்ளுவண்டியின் அடித்தட்டில் கிடந்த ஒரே ஒரு பொருள்தான் விடுபட்டிருந்தது. மறதி என்று சொல்லக் கூச்சப்பட்டு ஒப்புக்கொண்டுவிட்டார். வேலைக்கான விண்ணப்பத்தில் "தண்டனை பெற்றதுண்டா?" என்ற கட்டத்தின் முன் பேனாவோடு உட்கார்ந்தபோதுதான், அன்று தலையாட்டியதன் பொருள் அவருக்குப் புரிந்தது. அதன் பிறகுதான் என்னைத் தேடி வந்தார்.

உண்மையிலேயே எடுத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும் எழுதுகிறேன், ஏனெனில் சட்டம் அவர்களையும் கைவிடவில்லை. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவு, முதன்முறை தண்டனை பெறுபவர் திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, அதை அல்லது அதன் மதிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவையையே தண்டனையாக விதிக்கிறது. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடுவிக்கப்படுபவருக்கு, தண்டனையோடு சட்டப்படி ஒட்டிவரும் தகுதியிழப்பு நேராது என்கிறது அதன் 12ஆம் பிரிவு. இந்தச் சலுகையைக் கேட்டுப் பெற, அப்படி ஒன்று இருப்பதை முதலில் யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில், குடியுரிமை இல்லாத ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டா என்பதை அவருடைய வழக்கறிஞர் முன்கூட்டியே எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவர் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2010இல் படில்லா வழக்கில் தீர்ப்பளித்தது. திருட்டு வழக்குகளுக்கும் அந்தக் கவலை முழுமையாகப் பொருந்தும். அபராதம் எவ்வளவு சிறியதானாலும், விசா விண்ணப்பத்தில் அது நேர்மையின்மைக் குற்றமாகவே பார்க்கப்படலாம்.

நாள்தோறும் உங்கள் முன் குவியும் கோப்புகளின் எண்ணிக்கை எனக்குத் தெரியும். ஒப்புதல் வந்தால் ஒரு கோப்பு குறையும் என்பதும் தெரியும். ஆனாலும் வேண்டிக் கேட்கிறேன்: ஒப்புதலைப் பதிவுசெய்யும் முன், அவருக்குப் புரியும் மொழியில், இது தண்டனைப் பதிவாக நிற்கும் என்பதையும், வேலைக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் தடையாகலாம் என்பதையும் சொல்லுங்கள். வழக்கறிஞரிடம் பேசினீர்களா என்று கேளுங்கள். இல்லை என்றால், இலவச சட்ட உதவியைப் பெற்றுத் தந்து, வழக்கை இன்னொரு நாளுக்கு ஒத்திவையுங்கள். எல்லாம் தெரிந்த பிறகும் ஒப்புக்கொள்கிறேன் என்று அவர் சொன்னால், அப்போது பதிவுசெய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு குற்றவியல் வழக்கறிஞர்