செயலாளர் ஆண்டறிக்கை: ஹாமில்டன் அட்டைப்பெட்டி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வாசகர் வட்டத்து அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். ஒரே ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொள்வது, அதைத் தாங்கி நிற்கும் ஊர்கள், ஆட்கள், நிறுவனங்கள் அனைத்துக்கும் ஆளுக்குக் கொஞ்சமாக அட்டை எழுதுவது என்பது தீர்மானம். ஸ்மித் வேண்டும் என்றார்கள் சிலர். அது கடலைக் குடத்தில் அள்ளுகிற வேலை என்றார்கள் மற்றவர்கள். சீட்டுக் குலுக்கியதில் ஹாமில்டன் வந்தது. "கார் ஓட்டுகிறவரை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?" என்று அன்று அலுத்துக்கொண்ட உறுப்பினர், இந்த ஆண்டு மற்ற எல்லோரையும்விட அதிகமாக அட்டை எழுதியவர் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மாதக் கூட்டங்கள் பதினொன்று நடந்தன. ஒன்று கோரம் இல்லாமல் கலைந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்; நான் அதற்குள் போகவில்லை.

முதல் அட்டை ஆளுக்கும் இல்லை, ஊருக்கும் இல்லை, ஒரு மேட்டுக்கு. பழைய ஆங்கிலத்தில் ஹாமெல் என்றால் கோணல், டூன் என்றால் குன்று. இந்தக் கோணல் குன்றின் பெயரைக் கொண்ட ஓர் ஊரிடமிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்ட ஒரு குடும்பம் ஸ்காட்லாந்தில் கால் ஊன்றியது. 1314-இல் பானக்பர்ன் போர் முடிந்த பிறகு, அந்தக் குடும்பத்து வால்ட்டர் ஃபிட்ஸ் கில்பர்ட் என்பவருக்கு ராபர்ட் புரூஸ் மன்னர் கேட்ஸோ என்ற நிலத்தைக் கொடுத்தார். 1445-இல் அந்தக் கேட்ஸோவின் பெயரையே அவருடைய வம்சத்தார் ஹாமில்டன் என்று மாற்றிவிட்டார்கள். ஊரிடம் பெயர் வாங்கிய குடும்பம் வேறோர் ஊருக்கு அதைக் கொடுத்துவிட்டது. "கைமாற்றுக் கணக்கு" என்றார் பொருளாளர். அந்த அட்டையின் அடியில் 'பெயர் வந்த வழி' என்று ஒரு வரி போட்டோம். ஆண்டு முழுவதும் நடந்த சண்டையெல்லாம் அந்த வரியின் மேல்தான்.

முதல் சண்டை ஊர்களைப் பற்றியது. அமெரிக்காவின் முதல் கருவூலச் செயலரும் பத்து டாலர் நோட்டில் இருப்பவருமான அலெக்சாண்டர் ஹாமில்டனின் பெயரில்தான் எல்லா ஹாமில்டனும் உண்டாகியிருக்கும் என்று ஒரு கட்சி வந்தது. ஒஹையோவில் உள்ள ஹாமில்டனைப் பொறுத்தவரை அது சரி. 1791-இல் அவர் பெயரில் கட்டிய கோட்டையிலிருந்து வளர்ந்த ஊர் அது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோவில் இருப்பது ஜார்ஜ் ஹாமில்டன் என்ற உள்ளூர் வணிகர் 1816 வாக்கில் மனை பிரித்த ஊர். பெர்முடாவின் தலைநகருக்கு அங்கே ஆளுநராக இருந்த ஹென்றி ஹாமில்டனின் பெயர். பெர்முடாவில் ஹாமில்டன் பாரிஷ் என்று தனியாக ஒரு வட்டாரமும் உண்டு. ஹாமில்டன் நகரம் அந்த வட்டாரத்தில் இல்லை, பெம்ப்ரோக் பாரிஷில் இருக்கிறது. அந்த வட்டாரத்தின் பெயரோ அதற்கு வெகுகாலம் முன்பே வாழ்ந்த ஒரு ஸ்காட்லாந்துப் பிரபுவுடையது. இதை எழுதிய உறுப்பினர் அட்டையில் வரைபடம் ஒன்றும் வரைந்து, நகரத்தைத் தவறான வட்டாரத்தில் புள்ளியிட்டு, பிறகு வெள்ளை மை பூசித் திருத்தினார். பூசிய தடம் இன்னும் தெரிகிறது. அதை மாற்ற வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

கூட்டம் அமைதியான நாள், நியூசிலாந்து ஹாமில்டன் அட்டையை வாசித்த நாள். 1864 ஏப்ரல் 29-ஆம் தேதி கேட் பா என்ற இடத்தில் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளோடு நடந்த போரில் கேப்டன் ஜான் ஃபேன் சார்ல்ஸ் ஹாமில்டன் இறந்தார். அதே ஆண்டு, வேறோர் இடத்தில், கிரிகிரிரோவா என்று மாவோரிகள் அழைத்துவந்த நிலத்தில் படைவீரர்களைக் குடியேற்றி, அந்தக் குடியிருப்புக்கு அவர் பெயரை வைத்தார்கள். அவர் கால் படாத ஊர் அது. 2013-இல் நகரத்தில் அவருக்குச் சிலை வந்தது. மாவோரிகள் கேட்டுக்கொண்டதன்பேரில் 2020 ஜூனில் அதை எடுத்தார்கள். 'பெயர் வந்த வழி' என்ற வரியை மட்டும் படித்தால் ஒரு வீரரின் நினைவு என்று முடிந்துவிடும். அந்த நிலத்துக்கு முன்பே ஒரு பெயர் இருந்தது என்பதை எங்கே எழுதுவது என்று கேள்வி வந்தது. அன்றிலிருந்து ஊர் அட்டைகளில் 'முந்தைய பெயர்' என்ற வரியும் சேர்ந்தது. இந்த ஆண்டின் உருப்படியான முடிவு எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஒஹையோ அட்டையில் மட்டும் ஒரு வேடிக்கை. 1986-இல் அந்த ஊரின் நகரசபை, ஊர்ப்பெயருக்குப் பின்னால் ஆச்சரியக்குறி ஒன்றைச் சேர்த்துத் தீர்மானம் போட்டது. பிழை என்று நினைத்து நமது தட்டச்சாளர் அதை அழித்தார், நான் போட்டேன், மறுபடி அழித்தார். மூன்றாம் முறை பேனாவால் போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் இட்டிருக்கிறேன்.

நிறுவனங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் மாநிலத்தில் ஹாமில்டன் கல்லூரி இருக்கிறது. 1793-இல் பள்ளியாகத் தொடங்கி 1812-இல் கல்லூரியானது. அது இருக்கும் ஊர் கிளின்டன். அதே மாநிலத்தில் ஹாமில்டன் என்று ஓர் ஊரும் உண்டு. அங்கே இருப்பது கோல்கேட் பல்கலைக்கழகம். இரண்டு அட்டைகளையும் ஒரே ஊசியில் குத்தி வைத்திருக்கிறோம், தேடுகிறவர் தடுமாறாமல் இருக்க. ஸ்காட்லாந்தின் ஹாமில்டன் அகடமிக்கல் கால்பந்துக் குழு 1874-இல் ஒரு பள்ளி அணியாகத் தொடங்கியது. பெயரின் பின்பாதி அந்தப் பள்ளியின் மிச்சம். ஹாமில்டன் கைக்கடிகாரக் கம்பெனி 1892-இல் பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் பிறந்து இன்று சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. 1957-இல் மின்கலத்தில் ஓடும் கைக்கடிகாரத்தை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். அந்தப் பெயர் ஆண்ட்ரூ ஹாமில்டன் என்ற பழைய வழக்கறிஞருடையது. 1735-இல் நியூயார்க்கில் ஜான் பீட்டர் செங்கர் என்ற அச்சுக்காரர் மேல் போடப்பட்ட அவதூறு வழக்கில், அச்சிட்டது உண்மையானால் அது அவதூறு ஆகாது என்று வாதாடி விடுவித்தவர் அவர். கடிகாரத்துக்கும் வழக்குக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் நமது வழக்கறிஞர் உறுப்பினர் அதை அட்டையில் சேர்க்காமல் விடமாட்டேன் என்றார்.

சர் வில்லியம் ஹாமில்டன் என்ற பெயரில் மூன்று பேர் வந்து நின்றார்கள். நேப்பிள்ஸில் தூதராக இருந்து வெசுவியஸ் எரிமலையைப் பார்த்துப் பார்த்து எழுதியவர் ஒருவர், எடின்பரோவின் தத்துவப் பேராசிரியர் ஒருவர், டப்ளினின் கணிதமேதை வில்லியம் ரோவன் ஹாமில்டன் ஒருவர். நடுவிலே 'ரோவன்' இருந்ததால் மூன்றாமவர் தப்பித்தார்.

அவருடைய அட்டையை எழுதிய ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒரு கூட்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டார். யாரும் எழுந்து போகவில்லை. 1843 அக்டோபர் 16. ராயல் ஐரிஷ் அகாதெமி கூட்டத்துக்காக ராயல் கால்வாயின் கரையோரம் மனைவியோடு நடந்துகொண்டிருக்கிறார் ஹாமில்டன். இரண்டு பரிமாணத்தில் சுழற்சியைக் கணக்கிட, இரண்டு எண்கள் சேர்ந்த கலப்பெண்கள் போதும். முப்பரிமாணத்துக்கு மூன்று எண்களை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் முட்டிக்கொண்டிருந்தார். மூன்று போதாது, நான்கு வேண்டும் என்பது புரூம் பாலத்தருகே சட்டென்று பிடிபட்டது. ஐ, ஜே, கே ஒவ்வொன்றின் வர்க்கமும் கழித்தல் ஒன்று. மூன்றையும் வரிசையாகப் பெருக்கினாலும் கழித்தல் ஒன்று. சட்டைப்பையிலிருந்த கத்தியை எடுத்துப் பாலத்தின் கல்லில் இதைக் கீறிவிட்டார். கீறல் அழிந்துபோயிற்று, 1958-இல் வைத்த கல்வெட்டு இருக்கிறது. குவாட்டர்னியன் என்ற இந்த எண்களில் பெருக்கலின் வரிசையை மாற்றினால் விடையும் மாறிவிடும். ஆசிரியர் ஒரு தீப்பெட்டியை மேசை மேல் வைத்து, முதலில் முன்பக்கமாகவும் பிறகு வலப்பக்கமாகவும் கால் சுற்றுத் திருப்பினார். அடுத்து வரிசையை மாற்றித் திருப்பினார். பெட்டி வேறு மாதிரி நின்றது. "கைக்குத் தெரிகிறதைத்தான் அவர் எண்ணில் எழுதினார்" என்றார். விண்கலம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதையும், கணினி விளையாட்டில் உருவங்கள் திரும்புவதையும் இன்று இதே எண்களால்தான் கணக்கிடுகிறார்கள்.

இன்னொரு கணிதக்காரர் ரிச்சர்ட் ஹாமில்டன். 1982-இல் அவர் முன்வைத்த ரிச்சி ஓட்டம் என்ற வழியில் போய்த்தான் கிரிகோரி பெரல்மான் என்ற கணிதர், நெடுநாள் தீராத புதிரான புவான்கரே கணிப்பை நிரூபித்தார். 2010-இல் அதற்கு அறிவித்த பத்து லட்சம் டாலர் பரிசைப் பெரல்மான் வாங்கவில்லை. ஹாமில்டனின் பங்கு தன்னுடையதற்குக் குறைந்ததில்லை என்பது அவர் சொன்ன காரணம். உறுப்பினர்களுக்கு ஒரு தகவலாக: இந்த ரிச்சர்டுக்கும் டப்ளின்காரருக்கும் பெயர் தவிர வேறு ஒட்டு இல்லை.

இந்தியாவோடு தொட்ட அட்டைகள் மூன்று. பிரான்சிஸ் புக்கானன் 1800-இல் மதராஸிலிருந்து புறப்பட்டு மைசூர், மலபார் என்று சுற்றி எழுதியவர். பிற்காலத்தில் தாய்வழிச் சொத்து வந்தபோது தாய்க் குடும்பத்தின் பெயரான ஹாமில்டனையும் ஏற்றுக்கொண்டார். கங்கையின் மீன்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1822-இல் வந்தது. அதனால் ரோகு, கட்லா, இலிசா ஆகியவற்றின் அறிவியல் பெயர்களுக்குப் பின்னால் இன்றும் 'ஹாமில்டன், 1822' என்று போடுகிறார்கள். செடிகளுக்கு மட்டும் புக்கானன்-ஹாமில்டன் என்று இரண்டும் சேர்த்து. மீன் ஒரு பெயர், செடி ஒரு பெயர், ஆள் ஒருவர். இரண்டு பேர் என்று நினைத்து நாங்கள் இரண்டு அட்டை எழுதியிருந்தோம், ஒன்றைக் கிழித்தோம். இரண்டாவது அட்டை டேனியல் ஹாமில்டன். சுந்தரவனத்தின் கோசாபாவில் நிலம் எடுத்துக் கூட்டுறவு முறையில் குடியிருப்பு அமைத்து, 1936-இல் சொந்தமாக ஒரு ரூபாய் நோட்டே அச்சிட்டவர். மூன்றாவது சென்னையின் ஹாமில்டன் பாலம். அந்தப் பெயர் பேச்சு வழக்கில் தேய்ந்து அம்பட்டன் வாராவதி ஆயிற்று என்றும், பிற்பாடு அதற்குப் பொருள் தேடிய ஆங்கிலம் பார்பர்ஸ் பிரிட்ஜ் என்று திருப்பிப் போட்டது என்றும் சொல்வார்கள். பிறகு வந்த பெயர் அம்பேத்கர் பாலம். 'முந்தைய பெயர்' வரியில் இடம் போதாமல் பின்பக்கம் போன ஒரே அட்டை இதுதான்.

இனி என் தவறு. ஆண்டு விழாக் கண்காட்சியில் மார்கரெட் ஹாமில்டன் பலகையை நானே ஒட்டினேன். ஆள் உயரத்துக்கு அடுக்கிய நிரல் தாள்களின் பக்கத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்கும் 1969-ஆம் ஆண்டுப் படம். கீழே இருந்த குறிப்போ 1939-இல் வந்த 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்தில் சூனியக்காரியாக நடித்தவரைப் பற்றியது. பள்ளி மாணவி ஒருத்தி வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "சார், சூனியக்காரி எதுக்கு இவ்வளவு ஹோம்வொர்க் பண்ணாங்க?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. படத்தில் இருந்தவர் அப்பல்லோ விண்கலத்தின் பறப்பு மென்பொருள் குழுவுக்குத் தலைமை தாங்கி, 2016-இல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் பெற்றவர். அவர் பிறந்த குடும்பத்தின் பெயர் ஹீஃபீல்டு. ஹாமில்டன் என்பது முதல் கணவரின் பெயர். மறுமணத்துக்குப் பிறகும் அதையே வைத்துக்கொண்டார். நடிகை பிறப்பிலேயே ஹாமில்டன். 'பெயர் வந்த வழி' வரியை நிரப்பியிருந்தால் அந்தத் தவறு நடந்திருக்காது. அந்த மாணவி இப்போது நமது இளையோர் உறுப்பினர். ஒட்டுமுன் பலகைகளைச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு.

செயற்குழுவின் பரிந்துரைகள் இரண்டு. பெயர் வந்த வழியும் முந்தைய பெயரும் நிரப்பாத அட்டையைப் பெட்டியில் சேர்ப்பதில்லை என்ற விதியை இந்தப் பொதுக்குழு உறுதி செய்ய வேண்டும். அடுத்த ஆண்டுக்கு லாரன்ஸ், வாஷிங்டன், வில்சன் என்று மூன்று பெயர்கள் வந்திருக்கின்றன. கூட்ட முடிவில் சீட்டுக் குலுக்கப்படும்.

நிலுவை ஒன்று உண்டு. கார்ப் பந்தய வீரர் லூயிஸ் ஹாமில்டனின் அட்டை இன்னும் பெட்டிக்கு வரவில்லை. தொடக்கத்தில் சொன்ன அதே உறுப்பினரிடம் இருக்கிறது. 2008, 2014, 2015, 2017 முதல் 2020 வரை ஒவ்வோர் ஆண்டும் என ஏழு சாம்பியன் பட்டங்களை மையால் எழுதிவிட்டு, எட்டாவதுக்குப் பென்சிலால் ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறார். அது நிரம்பினால்தான் தருவேன் என்கிறார். பொதுக்குழு தலையிட்டு அட்டையை வாங்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்