புதிய தலைமையாசிரியர்களுக்குத் துணை

அனைவருக்கும் வணக்கம். நம் அவிநாசிப் பகுதியில் பதவி உயர்வு பெற்றிருக்கும் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்காகச் சனிக்கிழமை காலை 10 மணிக்கு வட்டார வள மையத்தில் கூடுகிறோம்.

நான் பொறுப்பேற்ற அன்று கையில் கிடைத்தது ஒரு சாவிக் கொத்துதான். எது பீரோ சாவி என்று சொல்லக்கூட ஆளில்லை. அந்தத் தவிப்பு இவர்களுக்கு வேண்டாம். மூத்தவர்கள் ரொக்கப் பதிவேட்டின் ஒரு பக்க நகலை எடுத்து வாருங்கள். இருபது ஆண்டுகள் பாடம் நடத்தியவருக்கும் அது புதியது.

பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளை மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் வாசலில் நின்றாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்வது இதுதான். முதலில் இதைப் பேசுவோம்.

ஓராண்டு துணையிருக்க முன்வரும் மூத்தவர்கள் இன்றிரவுக்குள் இங்கே தெரிவியுங்கள்.